கடல் ஒரு பக்கம், சனி ஒரு பக்கம்

2004 டிசம்பர் 30, வியாழக்கிழமை. ஆழிப்பேரலை அடித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இன்னோர் அலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து எச்சரிக்கை வந்ததும், தென்னிந்தியக் கடற்கரையில் மிச்சமிருந்த ஜனம் மறுபடி மேற்கே ஓடியது. நிவாரண வேலைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்து ஓடினார்கள். அலை வரவில்லை. எச்சரிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று அன்றைக்கே அறிவியல் அமைச்சர் கபில் சிபல் சொல்லிவிட்டார். ஆனால் ஓடியவர்களின் உடம்புக்கு அது எப்படித் தெரியும்? நெஞ்சு அடித்தது, கால் வெடவெடத்தது, வாய் உலர்ந்தது. 26ஆம் தேதி நிஜ அலைக்கு நடந்தது எதுவோ, அது அத்தனையும் 30ஆம் தேதி இல்லாத அலைக்கும் நடந்தது.

புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கி.மீ. தெற்கே, நான்கு புறமும் தமிழ்நாடும் கடலுமாக இருக்கிறது காரைக்கால். ஆழிப்பேரலையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி இழந்த சுமார் 600 பேரில் மிகப் பெரும்பாலோர் இந்தச் சிறு துண்டு நிலத்தின் மீனவக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றிச் சொல்ல ஆள் உண்டு. பயத்தைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கடல் மட்டும் காரணமல்ல. ஊருக்கு மேற்கே ஐந்து கி.மீ. தள்ளி திருநள்ளாறு இருக்கிறது. முற்றிலும் வேறு வகையான ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு லட்சக்கணக்கானோர் அங்கே வருகிறார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

புயல் சின்னம் உருவானால் காரைக்கால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். கூண்டு ஏறியும் புயல் திசை மாறிப் போய்விட்டால், மீனவருக்கு ஓரிரு நாள் பாடு போகும், அவ்வளவுதான். கூண்டு ஏறாமல் புயல் வந்தால் படகும் போகும், ஆளும் போவார். ஆகவே சந்தேகம் வந்தால் கூண்டை ஏற்றிவிடுவதே லாபம். நம் மூளையைப் பரிணாமம் இந்தக் கணக்கில்தான் வடிவமைத்திருக்கிறது. பத்து முறை வீணாகப் பயந்தால் நஷ்டம் சொற்பம். ஒரு முறை பயப்படத் தவறினால் உயிர் போய்விடும். அதனால் எல்லோருடைய மூளையிலும் கூண்டு தேவைக்கு மேல்தான் ஏறுகிறது. பதற்றக் கோளாறு உள்ளவருக்கோ, ஏறிய கூண்டு இறங்குவதே இல்லை.

கூண்டை ஏற்றும் கை எது? இரண்டு காதுகளுக்கும் உள்ளே, மூளையின் பக்கமடலில், பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா. கண்ணும் காதும் அனுப்பும் தகவல் இதற்கு இரண்டு வழிகளில் வருகிறது என்று எலிகளை வைத்துக் காட்டினார் அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ. ஒன்று குறுக்குவழி, வேகம் அதிகம், விவரம் குறைவு. மற்றொன்று பெருமூளைப் புறணியைச் சுற்றி வரும் வழி, நிதானமானது, நுட்பமானது. கயிற்றைப் பார்த்துத் துள்ளிக் குதித்த பிறகு "அட, கயிறு" என்று சிரிக்கிறோமே, அந்த இடைவெளி இரண்டு வழிகளின் வேக வித்தியாசம். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகம் பிடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் போகிறது. மூச்சு வேகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். விரல் நுனி மரக்கும், தலை கிறுகிறுக்கும். இதைத்தான் பலர் மாரடைப்பு என்று நினைத்து நடு ராத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். முதல் முறை ஓடுவது சரிதான். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஐந்தாவது முறையும் எல்லாம் சரியாக இருந்தால், தேட வேண்டிய இடம் நெஞ்சு அல்ல.

அமிக்டலாவே இல்லாவிட்டால்? எஸ்.எம். என்ற எழுத்துகளால் மருத்துவ உலகம் அறிந்த ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு, அபூர்வமான நோயொன்றால் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துபோயின. அவர் பாம்பைக் கையில் பிடித்துத் தடவினார், பேய் வீட்டில் சிரித்தார். பயம் என்பதே அவருக்குக் கிடையாது என்று ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருந்தார்கள். 2013இல் வெளிவந்த சோதனையொன்றில், கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது அவர் அலறிவிட்டார். மூச்சுத் திணறும் பயம் வேறு பாதையில் வருகிறது போலும். பயத்துக்கு மூளையில் ஒரே ஒரு பொத்தான் இருப்பதாக எழுதும் கட்டுரைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

கூண்டு ஏறுவது இயற்கை என்றால், ஏன் இறங்குவதில்லை? இதற்கு 1947இலேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. ஹோபார்ட் மௌரர் என்ற உளவியலாளர், பயம் இரண்டு கட்டமாக ஊன்றுகிறது என்றார். முதல் கட்டம் எல்லோருக்கும் தெரிந்தது: கடலும் சாவும் ஒரே காலையில் வந்தன, மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. இரண்டாவது கட்டம்தான் சூட்சுமம். காரைக்காலில் ஒரு பெண் இருப்பதாகக் கற்பனை செய்வோம். அலை வந்தபோது எட்டு வயது. இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லோரும் பீச்சுக்குக் கிளம்புகிறார்கள். அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது. "தலைவலியா இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்கிறாள். கதவைச் சாத்திய மறுநொடி அவளுக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் மௌரர் சுட்டிய இரண்டாவது கட்டம். நிம்மதி ஒரு பரிசு. பரிசு கிடைத்த செயலை மூளை திரும்பச் செய்யும். போகாமல் இருந்ததால்தான் பிழைத்தோம் என்று அது கணக்கு எழுதிக்கொள்கிறது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சோதித்துப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இப்படி இருபது வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்தால் கடலைத் தாண்டிப் பயம் வளர்கிறது. கடற்கரைச் சாலையில் போகும் பேருந்து, டிவியில் அலைச் சத்தம், டிசம்பர் மாதம் எல்லாமே வயிற்றைப் பிசையத் தொடங்கும்.

வீட்டார் இதற்குச் செய்யும் உதவி இரண்டு வகை, இரண்டுமே உதவாது. "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று கேலி செய்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளுவது ஒன்று. "பாவம், அவள விட்டுடுங்க" என்று வாழ்நாள் முழுக்க விட்டுவிடுவது மற்றொன்று. பின்னது அன்பாகத் தெரியும். விளைவு என்னவோ அதிகக் கொடுமை.

வேலை செய்யும் வழி நூறு வருடம் பழையது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடியே முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலை மடியில் வைத்துக்கொண்டான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூலில் இதையே ஒரு முறையான சிகிச்சையாக்கினார். நம் காரைக்கால் பெண்ணுக்கு இதை எப்படிச் செய்வது? பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட்டுப் படிகள் எழுதச் சொல்வார் சிகிச்சையாளர். செல்போனில் அலைச் சத்தம் கேட்பது 20 என்று வைப்போம். அரசலாற்றங்கரைச் சாலையில் பகலில் நடப்பது 35. சாலை முடியுமிடத்தில், மணல் தொடங்கும் முன்பே, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது 50. கலங்கரை விளக்கம் வரை மணலில் போவது 65. ஈர மணல் 80. அலையில் கால் நனைப்பது 95. ஒவ்வொரு படியிலும் பதற்றம் உச்சத்துக்குப் போகும், அங்கேயே நின்றால் தானாகத் தணியத் தொடங்கும். தணிவதற்கு முன்பு திரும்பி ஓடினால் பழைய கணக்கிலேயே இன்னொரு வரி எழுதப்படும்.

படிகள் ஏறுவதைவிட முக்கியமான ஒன்றை அண்மைக் கால ஆய்வுகள் முன்வைக்கின்றன. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன்பே "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று எழுதி வைத்துவிட்டுத் திரும்பி வந்து ஒப்பிட வேண்டும் என்கிறார் கலிபோர்னியாவின் மிஷெல் கிராஸ்க். "மயங்கி விழுவேன்", "அலை உள்ளே வரும்", "பைத்தியம் பிடிக்கும்". இவற்றில் எது நடந்தது? பயம் பூஜ்யம் ஆக வேண்டிய அவசியம்கூட இல்லை. நினைத்தது நடக்கவில்லை என்று மூளை அதிர்ச்சியோடு கற்றுக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு கள்ளத்தனம் நடப்பதுண்டு. கணவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வண்டிச் சாவியை விரலிலேயே மாட்டிக்கொண்டு, கண்ணை மணலிலிருந்து எடுக்காமல் போய் வருவது. போய் வந்தாயிற்று, ஆனால் புகழ் எல்லாம் கணவர் கைக்கும் சாவிக்கும் போய்விடும். தாயத்தோ, மந்திரித்த கயிறோ, தர்காவில் ஓதிய தண்ணீர் பாட்டிலோ, எதுவானாலும் இதே கதைதான். முதல் சில படிகளுக்கு வைத்துக்கொள்ளட்டும், தவறில்லை. பிறகு ஒவ்வொன்றாக வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பழக வேண்டும்.

பதற்றம் தானாகத் தணியும்வரை நின்றால் போதும் என்ற விதிக்கு ஒரே ஒரு பயம் மட்டும் அடங்காது. ஊசி, ரத்தம், காயம். மற்ற எல்லாப் பயத்திலும் ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வராது. இதில் மட்டும் ஏறி, சட்டென்று இறங்கும். ஆள் நிஜமாகவே விழுவார். அவரிடம் போய் உடம்பைத் தளர்த்திக்கொள்ளச் சொன்னால் சீக்கிரம் விழுவார். ஸ்வீடன் நாட்டு லார்ஸ்-கோரன் ஓஸ்ட் கண்டுபிடித்த மாற்று எளிது: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, முகத்தில் சூடு ஏறியதும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்குவது. ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்பவர்கள் இன்றே செய்து பார்க்கலாம். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிடுங்கள்.

இனி திருநள்ளாறு.

கடலைக் கண்டு பயப்படுபவருக்குக் கடலைக் காட்டலாம். எதற்கென்றே தெரியாமல் பயப்படுபவருக்கு எதைக் காட்டுவது? பிள்ளை பஸ்ஸில் போகிறானே, மாமனாருக்கு இருமல் நிற்கவில்லையே, கடன் தவணை வருகிறதே, எல்லாம் நன்றாகத்தான் போகிறது, அதனாலேயே ஏதோ கெட்டது வரப்போகிறதோ என்று ஒன்று விட்டு ஒன்று தாவும் கவலை. ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் இது நீடித்து, அடக்க முடியாமல், கூடவே தூக்கமின்மை, தோள்பட்டை இறுக்கம், அசதி, எரிச்சல் என்று சேர்ந்திருந்தால் பொதுப் பதற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் பெயர் வைக்கிறார்கள். நம் ஊரில் இவர்கள் மனநல மருத்துவரிடம் போவதில்லை. கழுத்து வலிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். அல்லது எல்லாம் சனியின் வேலை என்று திருநள்ளாற்றுச் சனீஸ்வரரிடம் வருவார்கள்.

சனிக்கிரகம் சூரியனைச் சுற்றிவர சுமார் 29.5 வருடம். அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பகிர்ந்தால் ராசிக்கு இரண்டரை வருடம். மூன்று ராசிக்குச் சேர்ந்து ஏழரை. அஷ்டமச் சனி, அர்த்தாஷ்டமச் சனி இரண்டையும் கூட்டிக்கொண்டால், எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் பன்னிரண்டில் ஐந்து ராசிக்காரர்கள் ஏதோ ஒரு சனியின் பிடியில் இருப்பார்கள். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் பெரும்பாலும் யாராவது ஒருவருக்கு நேரம் சரியில்லாமல் இருக்கத்தானே செய்யும்? போதாததற்குப் பஞ்சாங்கங்கள் இரண்டு. கும்ப ராசிக்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல். வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்ததோ 2023 டிசம்பர் 20இல். பதினோரு மாத இடைவெளி. பக்தர் இதைப் பற்றி அலட்டிக்கொள்ள மாட்டார். கோயில் சொன்ன நாளில் வந்து நள தீர்த்தத்தில் முழுகி, எள் தீபம் ஏற்றிவிட்டு, பாரத்தை இறக்கி வைத்த முகத்தோடு பஸ் ஏறுவார். அவருக்குக் கோயில் வேலை செய்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு சடங்கு, எல்லையில்லாத கவலைக்கு எல்லை போடுகிறது.

பதற்றக்காரரின் கதை வேறு. அவர் இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்ப்பார். மூன்று ஜோசியரைக் கேட்பார். முழுகிய மறுநாள், முறையாக முழுகினோமா என்று சந்தேகப்படுவார். கனடாவில் லவால் பல்கலைக்கழகத்து மிஷெல் டுகாவும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் இந்தச் சுபாவத்தின் வேரைக் காட்டினார்கள்: இவர்களால் தாங்க முடியாதது ஆபத்து அல்ல, நிச்சயமின்மை. கெட்ட செய்தி வந்துவிட்டால்கூட ஒருவழியாகச் சமாளித்துவிடுவார்கள். வருமா வராதா என்று தெரியாமல் இருப்பதுதான் வதை. அதனால் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மகனுக்கு நாலு தடவை போன், நோய் அறிகுறியை இணையத்தில் தேடல், ஒரே கேள்வியை வேறு வேறு ஆளிடம் கேட்டல். "ஒண்ணும் ஆகாதும்மா" என்ற பதில் ஒரு மணி நேரம் தாங்கும். அந்த ஒரு மணி நேர நிம்மதியும், பீச்சுக்குப் போகாமல் கதவைச் சாத்திய பெண்ணின் நிம்மதியும் ஒரே சரக்கு. கடலுக்குப் போகாதவரும் ஜோசியரிடம் ஓயாமல் போகிறவரும் செய்வது ஒரே காரியம்தான் என்பது எனக்கு இந்தத் துறையைப் படித்ததில் மிக வியப்பான விஷயம்.

ஆகவே சிகிச்சையும் உறவு முறைதான். நிச்சயமின்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நிற்கப் பழகுவது: மகன் போய்ச் சேர்ந்தானா என்று ஒரு நாள் கேட்காமல் இருந்து பார்ப்பது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கோவெக் 1983இல் இன்னொரு வழி சொன்னார். கவலைப்பட வேண்டாம் என்று சொல்வது வீண்; நேரம் ஒதுக்கிக் கவலைப்படு. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. மற்ற நேரத்தில் வரும் கவலையைச் சீட்டில் குறித்துச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைப்பது. படுக்கையில் மட்டும் கூடாது. ஐந்தரை மணிக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தால் காலையில் மலையாகத் தெரிந்ததில் பாதிக்குக் கவலைப்படவே தோன்றாது. அதே பல்கலைக்கழகத்தில் 2020இல் வந்த சிறிய ஆய்வொன்றில், 29 பேர் தங்கள் கவலைகளை எழுதிவைத்துப் பின்னர் சரிபார்த்தபோது சுமார் 91% கவலைகள் நடக்கவே இல்லை.

காரைக்காலுக்கே உரிய ஒரு மருந்தையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி வரிவிதிப்பில் மது மலிவு. எல்லை தாண்டி வருகிறவர்களில் பலரும் அதற்காகத்தான் வருகிறார்கள். படபடப்புக்கு ஒரு கட்டிங் நிஜமாகவே கேட்கும், மதுவும் மூளையை அமைதிப்படுத்தும் காபா வழியாகத்தான் வேலை செய்கிறது. இறங்கும்போதுதான் வட்டி. மறுநாள் விடியற்காலையில் முந்தைய நாளைவிட அதிகப் பதற்றத்தோடு விழிப்பு வரும். அதைத் தணிக்க மறுபடி கடை. அல்பிரஸோலாம் போன்ற மாத்திரைகளும் இதே குடும்பம். மருத்துவர் கண்காணிப்பில் ஒரு சில வாரத்துக்கு உதவும், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. நீண்ட காலத்துக்கு எழுதப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம், முதல் சில நாள் பதற்றம் கூடினாலும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் அநேகம். எந்த மருந்துக்கும் முன்னால் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிட வேண்டும். இரண்டும் பதற்றம்போல வேஷம் போடும்.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16இல் சொன்னது: பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85% பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு ஆலோசகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நடந்ததை ஒரே அமர்வில் கிளறிப் பேச வைப்பது அப்போது உலகெங்கும் வழக்கம். அதனால் பலன் இல்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் அதற்கு முன்பே காட்டியிருந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் வேறு வழியில் போனது: உள்ளூர் ஆட்களையே அடிப்படை உளநல உதவியில் பழக்கிக் களத்தில் விட்டது. சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் தமிழ்நாட்டின் ஒரு மீனவக் கிராமத்தில் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 12.7% பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் இருந்தது. திருப்பிப் போட்டால், அத்தனை பெரிய அழிவுக்குப் பிறகும் எட்டில் ஏழு பேருக்கு அந்தக் கோளாறு இல்லை. ஏன் இல்லை என்று தேடி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆன்டோ ராஜ்குமாரும் பிரதாப் தாரியனும் மற்றவர்களும் நாகப்பட்டினம் பகுதி மக்களோடு குழுவாக உட்கார்ந்து பேசி 2008இல் எழுதினார்கள். முறையான மனநல சேவையைவிடத் தங்கள் குடும்பத்தையும் ஊரையும் தெய்வத்தையும்தான் மக்கள் பெரிதாகச் சொன்னார்கள். மீனவர் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. படகும் வலையும் வந்தபின் அவர்களுக்குக் கடலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. மருத்துவர் எழுதித் தரும் படிகளை அவர்களுக்கு வயிறு எழுதித் தந்தது.

ஏறிய படியிலிருந்து சறுக்குவதும் நடக்கும். பயத்தைப் போக்கும் பயிற்சி பழைய நினைவை அழிப்பதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது என்று விலங்குகளை வைத்துப் பல ஆண்டு காட்டியவர் மார்க் பூட்டன். காலம் கடந்தாலோ இடம் மாறினாலோ பழையது தலை தூக்கும். 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியதும், பல வருடமாக இயல்பாகக் கடலுக்குப் போய்வந்தவர்கள்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று ஓடியது சரியான செயல். எச்சரிக்கை முறைப்படி வந்தது. அடுத்த வாரமும் அடுத்த மாதமும் கரைப்பக்கம் போக முடியாமல் போனால் மட்டும் படிகளை மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். அலைச் சத்தம், ஆற்றங்கரைச் சாலை, பெஞ்ச். இரண்டாம் முறை ஏறுவதற்கு முதல் முறை அளவு நாள் பொதுவாகப் பிடிப்பதில்லை.